முதுகில் மார்ஃபின் போட்டும் காலை அசைக்கிறாரே, எப்படி?

நர்சிங்_மூணாவது_வருஷம்:
போன வாரம் பிரசவ வார்டில் நைட் டியூட்டி. சிசேரியன் ஆன ஒரு அக்காவுக்கு முதுகு ஊசியில் மார்ஃபினும் சேர்த்திருந்தார்கள். 6 மணி நேரம் கழித்துப் போனால் காலை மடக்கி நீட்டுகிறார், பிரஷர் 116/74, தையல் வலியே இல்லை என்கிறார். மூக்கை மட்டும் சொறிந்து சொறிந்து சிவக்க வைத்திருந்தார். தியேட்டரில் ஊசி போட்ட அஞ்சாவது நிமிடம் இதே அக்காவுக்கு பிரஷர் 80-க்கு இறங்கியது. இப்போது ஏன் இறங்கவில்லை? மரத்துப் போகாமல் வலி மட்டும் எப்படிப் போகும்?

மயக்கமருந்து_பெரியவர்:
பிரஷரை இறக்கியது மார்ஃபின் இல்லை அம்மா, கூடப் போட்ட பூபிவகெயின் என்ற மரத்துப் போகிற மருந்து. அது ஆள் பார்க்காது. நரம்பின் சோடியம் வழியை அடைத்துவிடும். கால் நரம்பு, வலி நரம்பு, ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற சிம்பதெடிக் நரம்பு எல்லாம் சேர்ந்து அணையும். குழாய் தளர்ந்தால் பிரஷர் விழாமல் என்ன செய்யும்? சில மணி நேரத்தில் அது விட்டுவிடும், மார்ஃபின் நிற்கும்.

மார்ஃபின் போய் உட்காருவது தண்டுவடத்தின் பின்கொம்பில். வலி நரம்பு அடுத்த செல்லிடம் சேதி சொல்கிற இடம் அது. சொல்கிற பக்கம் கால்சியம் நுழைவதைக் குறைத்து, சேதி போவதைக் குறைக்கும். கேட்கிற பக்கம் பொட்டாசியத்தை வெளியே விட்டு செல்லை மந்தமாக்கும். சிம்பதெடிக் நரம்பு அப்படியே இருக்கும். முழங்காலைத் தட்டினால் உதைக்குமே, அதற்குப் பாதை வேறு. 1976-இல் யாக்ஷ், ரூடி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மார்ஃபின் போட எலிகளின் தண்டுவட உறைக்குள் மெல்லிய குழாய் விட்டு இதைத்தான் பார்த்தார்கள்: சூடு வைத்தாலும் வாலை இழுக்கவில்லை, ஆனால் நடை கெடவில்லை.

வலித்தால் நாடியும் பிரஷரும் ஏறுகிறதே, அதுவும் ஓர் அனிச்சைதான். மார்ஃபின் அந்த ஏற்றத்தைத் தணிக்கும், முழுசாக அடக்காது. கத்தி வைக்கும்போது அது மட்டும் போதவே போதாது.

ரெண்டு_பிள்ளைக்காரி:
அய்யோ, அந்த அரிப்பு! ரெண்டாவது சிசேரியனில் பிள்ளையைவிட மூக்கைத்தான் அதிகம் தொட்டேன். அலர்ஜி ஊசி போட்டார்கள், தூக்கம்தான் வந்தது.

மயக்கமருந்து_பெரியவர்:
அலர்ஜியே இல்லையே, எப்படி அடங்கும்? மார்ஃபினை முறிக்கிற நலோக்சோன் துளி கொடுத்தால் அடங்கும்.

நர்சிங் அம்மா, அரிப்பை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள். மார்ஃபின் கொழுப்பில் சட்டென்று ஒட்டாது. முதுகுத்தண்டு நீரோடு மெல்ல மேலேறி மூளைத்தண்டு வரை போகும். 24 மணி நேரம் வரைகூட மூச்சு மந்தமாகலாம். போடுவது என்னவோ 0.1 மி.கி. அளவுதான், ஆனால் ஆம்பூலில் இருப்பது 10, 15 மி.கி. இளவயதில் ஒருமுறை கலக்கும்போது தசமப் புள்ளியைத் தள்ளிப் போட்டுவிட்டேன். சிரிஞ்சைக் கையில் எடுத்த பிறகு, "சார், இன்னொரு தரம் கணக்குப் போடுங்க" என்றார் சிஸ்டர். இன்றும் அந்தக் குரல் கேட்கிறது.

நர்சிங்_மூணாவது_வருஷம்:
சார், அன்று ராத்திரி பிரஷர் மட்டும்தான் பார்த்தேன். மூச்சுக் கட்டத்தில் எண்ணாமலே 18 என்று எழுதிவிட்டேன்.