இன்குபேட்டர் பெட்டியில் இருக்கும் குழந்தைக்கு பிபி (இரத்த அழுத்தம்) பார்ப்பது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செவிலியர், தர்மபுரி

பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு முதலில் கஃப்பைத்தான், அதாவது பிபி பார்க்கக் கையில் சுற்றிக் கட்டும் பட்டியைத்தான் காட்டுவேன். 1 முதல் 5 வரை நம்பர் உண்டு, எந்தச் சுற்றளவுக்கு எது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மேல்கையை டேப்பால் அளந்து, அந்தச் சுற்றளவில் ஏறக்குறைய பாதி அகலம் உள்ளதை எடுக்க வேண்டும். சின்னதைக் கட்டினால் அளவு கூடுதலாகவும், பெரியதைக் கட்டினால் குறைவாகவும் காட்டும்.

ஒரு ராத்திரி, 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு சராசரி அழுத்தம் 24 என்று வந்தது. முதல் சில நாட்களில் அது, குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்ததோ அந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்பது நாங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. எல்லோரும் பதறிவிட்டோம். துணியை விலக்கினால் 3-ம் நம்பர் கஃப், தோளிலிருந்து முழங்கை தாண்டி மூடியிருக்கிறது! 1-ம் நம்பரை மாற்றி, குழந்தை தூங்கட்டும் என்று கால் மணி நேரம் விட்டுப் பார்த்தோம். 33. பாதம் கதகதப்பாக இருந்தது, சிறுநீரும் நன்றாகப் போயிருந்தது. டாக்டர் மருந்து எதுவும் தொடங்கவில்லை.

ஒரு அம்மா, ஊத்தங்கரை

என் பையனும் குறைமாதம்தான். அந்தப் பட்டி இறுகும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பான், எனக்கு உயிரே போகும். அங்கிருந்த சிஸ்டர் அக்கா பொறுமையாகச் சொன்னார்: “பெரியவங்களுக்கு ஏறுற காத்து இதுல ஏறாது கண்ணு, பச்சப்புள்ள மோடுல போட்டிருக்கோம். ஊசி போட்ட கையில கட்ட மாட்டோம். ஒரே எடத்துலயும் கட்ட மாட்டோம், மாத்தி மாத்திக் கட்டுவோம்.” அழும்போது வந்த அளவை அவர் எழுதவே இல்லை, அமைதியானதும் மறுபடி பார்த்தார். எனக்கு அதுதான் பெரிய நம்பிக்கை.

செவிலியர், கிருஷ்ணகிரி

தர்மபுரி சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரொம்ப மோசமான நிலையில் உள்ள குழந்தைக்கு, அழுத்தம் நிஜத்தில் இறங்கியிருந்தாலும் கஃப் கொஞ்சம் கூட்டியே காட்டும். அப்போது தமனிக்குள் குழாய் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

அப்புறம், கையில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். நிறைமாதக் குழந்தை ஒன்று, வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் பால் குடிக்காமல் மூச்சிரைப்போடு வந்தது. வலது கையில் பிபியின் மேல் அளவு (சிஸ்டாலிக்) 86, காலில் 54. தொடையில் நாடியே கிடைக்கவில்லை. கையை விடக் காலில் 20-க்கு மேல் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும். எக்கோவில் (இதய ஸ்கேனில்) பார்த்தால் மகாதமனி சுருக்கம், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓரிடத்தில் குறுகியிருந்தது. உடம்பின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் போகும் வழி மூடாமல் இருக்கக் கொடுக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்துச் சொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓசூர் வழியாக பெங்களூருக்கு அனுப்பினோம்.

செவிலியர், தர்மபுரி

குழந்தை எப்படி இருக்கிறது சிஸ்டர்?

செவிலியர், கிருஷ்ணகிரி

ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்தாச்சு. தடுப்பூசிக்கு வந்தபோது கையிலும் காலிலும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.