ஏற்றத்தில் கியர் தவ்வுகிறது, வண்டி ஒரு பக்கம் சாய்கிறது – எங்கே தப்பு?

எட்டுப்பல்:
லெகோ டெக்னிக்கில் நாலு சக்கர டிரைவ் டிரக் ஒன்று கட்டியிருக்கிறேன். பேட்டரிப் பெட்டியோடு 1.8 கிலோ. பவர் ஃபங்ஷன்ஸ் எல் மோட்டார் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு 8 பல் கியர், இரண்டும் சேர்ந்து நடுவில் உள்ள ஒரே 24 பல் கியரைச் சுற்றும். அதிலிருந்து நீள அச்சு முன்னுக்கும் பின்னுக்கும் போய், 12 பல் பெவல் கியர் (செங்கோணத்தில் திருப்பும் சாய்பல் கியர்) வழியாக 28 பல் டிஃப்பரன்ஷியலில் (இடது வலது சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) முடிகிறது. முன்னும் பின்னும் லைவ் ஆக்ஸில், அதாவது இடது வலது சக்கரங்கள் ஒரே கட்டாகச் சேர்ந்து அசையும், நாலு ஷாக் (ஸ்பிரிங்).

சமதளத்தில் அருமையாக ஓடுகிறது. நாலு புத்தகத்தை அடுக்கி ஏறச் சொன்னால் பின்னாலிருந்து கடக் கடக் என்று சத்தம், சக்கரம் நிற்கிறது, மோட்டார் மட்டும் சுற்றுகிறது. கூடவே ஒவ்வொரு தடவை வேகம் கொடுக்கும்போதும் பாடி வலது பக்கம் சாய்ந்து, விட்டவுடன் நேராகிறது. இன்னொன்று, வண்டியைக் கையால் அழுத்தினால் அழுந்தியபடியே நின்றுவிடுகிறது, மெதுவாகக்கூட மேலே வருவதில்லை. ஸ்பிரிங் போதவில்லையா? கடினமான ஸ்பிரிங் மாற்றினால் எல்லாம் சரியாகுமா?

மண்தடம்:
ஸ்பிரிங்கை இப்போதைக்கு விடுங்கள். முதலில் எந்தக் கியர் தவ்வுகிறது என்று பாருங்கள், சத்தத்தை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள், நான் அப்படி முன் ஆக்ஸிலை மூன்று தடவை பிரித்தேன், தப்பு மோட்டார் பக்கம் இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட்டு, போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. ஆக்ஸிலைத் தாங்கும் கைகளில் துண்டுகளை இணைக்க என்ன பின் (pin) போட்டிருக்கிறீர்கள், கறுப்பா சாம்பலா?

எட்டுப்பல்:
வீடியோ எடுத்தேன். பின்பக்க டிஃப்பரன்ஷியலில் 12 பல் கியர்தான், தவ்வும்போது அதன் அச்சே டிஃப்பரன்ஷியலை விட்டு லேசாக விலகித் தள்ளப்படுவது தெரிகிறது. பின் எல்லாம் கறுப்பு. அதில் என்ன இருக்கிறது?

மண்தடம்:
அதில்தான் எல்லாம் இருக்கிறது. கறுப்புப் பின்னும் 3 ஸ்டட் (லெகோவின் நீள அளவு) நீல நிறப் பின்னும் உராய்வு உள்ளவை, சட்டத்தை இறுக்கிப் பிடிக்கச் செய்தது. அசைய வேண்டிய இடத்தில் போட்டால் ஸ்பிரிங் அந்த உராய்வோடுதான் மல்லுக்கட்டும். அசையும் மூட்டு ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறப் பின், 3 ஸ்டட் தேவைப்பட்டால் வெளிர் பழுப்பு. இதை மாற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.

நீளஅச்சு:
கியர் தவ்வுவதும் பாடி சாய்வதும் ஒரே காரணத்தால்தான் என்பது என் எண்ணம். மோட்டார் பக்கத்திலேயே 8-க்கு 24 போட்டு விசையை மூன்று மடங்காக்கிவிட்டீர்கள். அந்த மூன்று மடங்கு முறுக்கு விசை முழுக்க நீள அச்சு, யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்தபடி சுற்றும் மூட்டு), அந்தப் பாவப்பட்ட 12 பல் கியர் எல்லாவற்றின் வழியாகவும் போயாக வேண்டும். பெவல் கியருக்கு ஒரு குணம், சுமை ஏற ஏற ஜோடியை விட்டு விலகப் பார்க்கும், சட்டம் கொஞ்சம் நெளிந்தால் பல் தாண்டிவிடும். லைவ் ஆக்ஸிலில் அதே முறுக்கு ஆக்ஸில் முழுவதையும் திருப்பப் பார்க்கிறது, எதிர்ப்பக்கமாகப் பாடி திரும்புகிறது, அதுதான் உங்கள் சாய்வு. கடினமான ஸ்பிரிங் போட்டால் சாய்வு கொஞ்சம் குறையும், கியர் தவ்வுவது அப்படியே இருக்கும்.

வேகக் குறைப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். 2012-இல் வந்த லெகோ செட் 9398 கிராலரில் இருக்கும் போர்ட்டல் ஹப்பை (ஆக்ஸிலைச் சக்கர மையத்துக்கு மேலே வைக்கும் கியர் உள்ள சக்கரக் கூடு) பாருங்கள், அதற்குள்ளேயே 8-க்கு 24 இருக்கிறது. மோட்டார் பக்கம் உள்ள 8, 24 ஜோடியைக் கழற்றி 16-க்கு 16 போடுங்கள். 8+24 = 32, 16+16 = 32, இரண்டுக்கும் அச்சுகளின் இடைவெளி அதே 2 ஸ்டட்தான், சட்டத்தைத் தொடவே வேண்டாம். மொத்த விகிதம் முன்பும் 3 × 28/12 = 7, இப்போதும் 7. எல் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று, சக்கரத்தில் 55 சுற்றுக்கு மேல், அதுவும் மாறாது. ஆனால் நீள அச்சில் முறுக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும், பாடியைச் சாய்க்கும் விசையும் அதே அளவு இறங்கும்.

டிஃப்பரன்ஷியலை 5-க்கு 7 ஸ்டட் ஃப்ரேமுக்குள் வையுங்கள், 12 பல் கியரின் மறுபக்கம் புஷ் (அச்சில் மாட்டும் சிறு வளையம்) வைத்து அச்சு டிஃப்பரன்ஷியலை விட்டு விலகாமல் அடைத்துவிடுங்கள். ஷாக் நடுவிலிருந்து 2 ஸ்டட்டில் இருந்தால் 4 ஸ்டட்டுக்குத் தள்ளுங்கள், சாய்வைத் தடுக்கும் விறைப்பு நாலு மடங்காகும், ஸ்பிரிங் அதேதான். போர்ட்டல் ஹப் வண்டியை 2 ஸ்டட் உயர்த்திவிடும், அதனால் பேட்டரிப் பெட்டியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழே இறக்குங்கள், இல்லையென்றால் ஏறுவதற்குப் பதில் குட்டிக்கரணம் அடிக்கும்.

வளைவுச்சாலை:
லைவ் ஆக்ஸிலே எதற்கு? நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்தால் டிஃப்பரன்ஷியல் பாடியோடு நிற்கும், இந்தச் சாய்வுப் பிரச்சினையே வராது. 1994-இல் வந்த லெகோ செட் 8880 சூப்பர் காரிலேயே நாலு சக்கர டிரைவ், நாலு சக்கர ஸ்டியரிங், நாலுக்கும் தனி சஸ்பென்ஷன்.

நீளஅச்சு:
அழகான வண்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மோட்டார் இல்லாமல் கையால் தள்ளுகிற கார். 1.8 கிலோவை மேலே இழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஜாயின்ட் அந்த விசையைத் தாங்கணும், கைகளும் குட்டையாக இருப்பதால் சக்கரம் மேலே கீழே போகிற தூரமும் குறையும். வேகமாக ஓடுகிற வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி, கல் மேல் ஏறுகிற வண்டிக்கு லைவ் ஆக்ஸில்.

எட்டுப்பல்:
எல்லாம் மாற்றிவிட்டேன். பின் மாற்றியதுமே அழுத்தினால் துள்ளி எழுகிறது, இத்தனை நாள் ஸ்பிரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். போர்ட்டல் ஹப்போடு ஆறு புத்தகம் ஏறியது, ஒரு கடக் இல்லை, சாய்வு உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. ஒரே ஒரு சிக்கல், ரிமோட்டில் முன்னால் தள்ளினால் வண்டி பின்னால் போகிறது.

நீளஅச்சு:
அதைச் சொல்ல மறந்துவிட்டேன். 16, 16 பழைய ஜோடியின் இடத்தில்தான் இருக்கிறது, ஹப்புக்குள் புதிதாக ஒரு ஜோடி சேர்ந்ததால் திசை ஒருமுறை கூடுதலாகத் திரும்புகிறது. எதையும் பிரிக்காதீர்கள். ரிமோட்டில் அந்த லிவருக்கு நேரே திசை மாற்றும் குட்டி சுவிட்ச் இருக்கும், தட்டிவிடுங்கள்.