2018 மலேசியா: மே 9-ஐ விட்டால் வேறு என்ன நினைவிருக்கிறது?

ஈப்போ_பொடியன்:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பல்கலைக்கழகத் தமிழ்க் கழகத்தில் ஒரு நிகழ்ச்சி. ஆளுக்கு ஒரு வருடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த வருடத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது என்று பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்கு விழுந்தது 2018. நான் அப்போது ஆறாம் ஆண்டு, யுபிஎஸ்ஆர் (அப்போதிருந்த ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு) எழுதிய வருடம், அதனால் வீட்டில் செய்தி பார்க்கவே விடவில்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம், ஒரு நாள் ராத்திரி அப்பா தூங்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மேசையைத் தட்டினார், அம்மா திட்டினார், அடுத்த இரண்டு நாள் பள்ளி விடுமுறை. அவ்வளவுதான்.

மாமாக்களைக் கேட்டால் மூன்று பேரும் மே 9 பொதுத் தேர்தலில் ஆட்சி மாறிய கதையையே சொல்கிறார்கள், அதுவும் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துக்கொண்டு. வருடத்தில் மீதி மாதங்களும் இருக்குமே? வேறு என்ன சொல்லலாம்? அப்புறம் ஒரு சந்தேகம், ஆட்சியை இழந்த பிரதமர் நஜிப் சிறைக்குப் போனதும் அதே வருடம்தானே?

சிகாமட்_அக்கா:

தம்பி, மாமாக்கள் மேல் கோபப்படாதே. அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் யாராலும் அதைத் தாண்டி உடனே வர முடியாது. நானும் அங்கேதான் ஆரம்பிப்பேன்.

நான் அப்போது சிங்கப்பூரில் வேலை. வாக்களிப்பு புதன்கிழமை என்று தேர்தல் ஆணையம் அறிவித்தபோது எங்கள் அறையில் இருந்த நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் வார நடுவில் யார் விடுப்பு தருவார்கள்? சத்தம் கிளம்பியதும் மறுநாளே அதைப் பொது விடுமுறை ஆக்கினார்கள், சரி, ஆனால் மலேசியாவில் விடுமுறை விட்டால் சிங்கப்பூர் முதலாளிக்கு என்ன? சிங்கப்பூரில் வேலை செய்த எங்களைப் போன்றவர்களுக்கு அஞ்சல் வாக்கும் கிடையாது, ஊருக்கு வந்தால்தான் ஓட்டு. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு நாள் வாங்கிக்கொண்டு, முதல் நாள் ராத்திரி ஜொகூர் பாலத்தில் நகராத வரிசையில் நின்று, விடியற்காலையில்தான் சிகாமட் வந்து சேர்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் வரிசை எப்படி என்றால், வயதானவர்களுக்கு முதல் சாலுரான் (வாக்களிப்பு அறை வரிசை), இளையவர்களுக்குக் கடைசிச் சாலுரான். தாத்தா பாட்டி எல்லாம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், எங்கள் வரிசை மட்டும் வெயிலில் திடல் வரைக்கும் போகிறது. வேண்டுமென்றே மெதுவாக விடுகிறார்கள் என்று எனக்கு முன்னால் நின்ற பையன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான், அது உண்மையோ என்னவோ. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும், சில ஊர்களில் வரிசையில் நின்றவர்களையே திருப்பி அனுப்பியும் விட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம், வாக்குச்சீட்டு கைக்குக் கிடைத்ததே கடைசி நேரத்தில், அஞ்சலில் போட்டால் வந்து சேராது என்று விமான நிலையத்துக்குப் போய், ஊருக்குப் பறக்கும் முகம் தெரியாத ஆட்களிடம் உறையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

எங்கள் தொகுதியில் தோற்றது யார் தெரியுமா? சுகாதார அமைச்சர், மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் டாக்டர் சுப்ரமணியம். மஇகா ஒன்பது இடத்தில் நின்று தாப்பாவிலும் கேமரன் மலையிலும் மட்டும் ஜெயித்தது, அதிலும் கேமரன் மலை வெற்றி செல்லாது என்று நவம்பர் இறுதியில் தேர்தல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை உன் மாமாக்கள் சொன்னார்களா?

தாமான்_வக்கீல்:

தம்பியின் சந்தேகத்துக்கு முதலில் பதில். இல்லை. 2018-ல் நடந்தது கைதும் ஊழல் குற்றச்சாட்டும்தான்: ஜூலை 3 கைது, 4-ஆம் தேதி நீதிமன்றம். சிறைக்குப் போனது 2022 ஆகஸ்டில், மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு. மேடையில் இதைத் தப்பாகச் சொன்னால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வாய், முன்வரிசையில் என்னைப் போல ஒருவர் நிச்சயம் உட்கார்ந்திருப்பார்.

எண்களையும் குறித்துக்கொள். நாடாளுமன்றத்தில் 222 இடம், ஜெயித்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 113, கூட்டாளி வாரிசானுக்கு 8, அதுவரை ஆண்ட தேசிய முன்னணிக்கு 79, பாஸ் கட்சிக்கு 18. வாக்களித்தவர்கள் 82 விழுக்காட்டுக்கு மேல். மகாதீர் மே 10 ராத்திரி பத்து மணியை ஒட்டிப் பிரதமராகப் பதவியேற்றபோது அவருக்கு வயது 92. தேர்தலுக்கு முன் அவர் கட்சியையே தற்காலிகமாகக் கலைத்து வைத்திருந்தார்கள், பதாகைகளில் அவர் முகத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள், வெட்டிய ஓட்டையோடு பதாகை அப்படியே தொங்கியது. நான் பார்த்த தேர்தல் விளம்பரங்களிலேயே ஆளை அதிகம் நினைவுபடுத்தியது அந்த ஓட்டைதான்.

மே 16-இல் சிறைத்தண்டனையில் இருந்த தலைவர் அன்வாருக்கு மாமன்னரின் மன்னிப்பு, செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையிலிருந்து விடுதலை. அதே வாரம் நஜிப் சம்பந்தப்பட்ட வீடுகளில் சோதனை. அடுக்குமாடியிலிருந்து பெட்டிகளைப் பேரங்காடித் தள்ளுவண்டியில் வைத்துப் போலீஸ் தள்ளிக்கொண்டு வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜூன் கடைசியில் கணக்குச் சொன்னார்கள்: 567 கைப்பை, 423 கைக்கடிகாரம், 12,000 நகை, 234 கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியை உட்கார்ந்து எண்ணிய போலீஸ்காரரை நினைத்து நான் இன்றும் சிரிப்பேன்.

கிள்ளான்_கடைக்காரன்:

வக்கீல் அண்ணனுக்குக் கைப்பை. எனக்கு 2018 என்றால் கல்லாப்பெட்டி.

நான் சின்ன எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வந்தபோது புது மென்பொருள், வகுப்பு, கணக்காளர் என்று கடன் வாங்கிச் செலவு செய்தவன். 2018 ஜூன் 1-இலிருந்து அந்த ஆறு விழுக்காடு சுழியமாகிவிட்டது. ரசீதில் ஜிஎஸ்டி 0% என்று அடித்து வரும், வாடிக்கையாளர் அந்தச் சின்னக் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "அப்படியென்றால் பேனா ஏன் அதே விலை?" என்று கேட்பார். நான் பழைய கொள்முதல் விலையை விளக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு பாட்டி மட்டும் தினமும் வந்து கேட்டார், எதுவும் வாங்கமாட்டார்.

செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி (பழைய விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தது. நடுவில் இருந்த மூன்று மாதத்தில் வரி இல்லையென்று ஜனங்கள் காடி (கார்) வாங்க ஓடிய ஓட்டம் இருக்கிறதே, என் மச்சான் முன்பதிவு செய்துவிட்டு, ஆகஸ்ட் முடிவதற்குள் கைக்கு வருமா வராதா என்று தினமும் விற்பனையாளருக்குப் போன் போட்டே அவரோடு நண்பராகிவிட்டான். ஆனால் எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு அரசாங்கம் திருப்பித் தர வேண்டிய ஜிஎஸ்டி பணம் பெட்டியில் இல்லை என்று புது நிதியமைச்சர் லிம் குவான் எங் சொன்ன நாள் எனக்கு வயிறு கலங்கியது. அது கிடைத்தது அடுத்த வருடம்தான்.

தாபோங் ஹராப்பான் ஞாபகம் இருக்கிறதா? நாட்டுக் கடனை அடைக்க மக்கள் பணம் போட்ட நிதி. மொத்தம் 200 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. என் மகள் உண்டியலை உடைத்து 37 வெள்ளி எடுத்துக் கொடுத்தாள், நான் ஐம்பது போட்டேன். வருடங்கள் கழித்து அவள் கேட்கிறாள், "அப்பா, கடன் அடைந்துவிட்டதா?" என்று. கடனைச் சொன்னார்களே, ஒரு டிரில்லியன் ரிங்கிட். அதற்கு என் ஐம்பது வெள்ளி!

பத்துமலை_படிக்கட்டு:

எல்லோரும் அரசியலாகவே பேசுகிறீர்கள். இன்று வெளிநாட்டில் மலேசியா என்று தேடினால் வரும் படம் எது? பத்துமலை வண்ணப் படிகள். அது 2018 ஆகஸ்டில் வந்ததுதான். 31-ஆம் தேதி, சுதந்திர நாளன்று கும்பாபிஷேகம், அதற்கு முன் 272 படிக்கும் வரிசைக்கு ஒரு நிறமாக வண்ணம் அடித்துவிட்டார்கள். மரபுடைமைத் தளத்தில் அனுமதி இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று துறை கோபப்பட்டது, நாளிதழில் சண்டை, அதற்குள் படம் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது.

அந்தத் தீபாவளி விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே நின்று பார்த்துவிட்டு, "என்னடி இது, மிட்டாய்க் கடை மாதிரி" என்றார். பாதி ஏறியதும் மூச்சு வாங்க, நீல நிறப் படியில் உட்கார்ந்தார். மேலே போக வழியில்லை, படிக்கு ஒருத்தர் நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் அம்மாவின் புடவையும் படியும் ஒரே நிறமாக இருக்கிறது என்று சைகையில் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து அம்மாவுக்கு அந்தப் படிகளைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

புக்கிட்_ஜாலில்_மேல்வரிசை:

டிசம்பர் 11! அதை விட்டுவிட்டால் நான் இந்தத் தம்பியை மன்னிக்கமாட்டேன். சுசுகி கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம், முதல் சுற்று, எதிரே வியட்நாம். அரையிறுதியில் பாங்காக்கில் கடைசி நிமிடத்தில் தாய்லாந்து பினால்டியைக் கோட்டைவிட்டதால்தான் நாம் அங்கே வந்தோம், அந்தப் பந்து கம்பத்துக்கு மேலே போனபோது எங்கள் பக்கத்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ஒருவர் தே தாரிக்கோடு நாற்காலியிலிருந்து விழுந்தார். புக்கிட் ஜாலில் அரங்கில் இருபத்தைந்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பின்னால் சீனப் பையன்கள் கூட்டம், யாருக்கும் பேச்சில்லை. அப்புறம் ஷாருல் தலையால் ஒன்று, இரண்டாம் பாதியில் சஃபாவி ஃப்ரீ கிக்கில் ஒன்று. அந்தப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், இன்றுவரை அவர் பெயர் தெரியாது. ஹனோயில் 0-1 என்று தோற்றோம், அது வேறு கதை.

அதே வருடம் செப்டம்பரில்தான் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கு மூக்கில் புற்றுநோய் என்ற செய்தியும். எங்கள் வீட்டில் பூப்பந்து தெரியாத பாட்டிகூட அவருக்காக விளக்கேற்றினார்.

யூஎஸ்ஜே_வாசி:

இவ்வளவு பேர் எழுதியும் நவம்பரை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன், ஏனென்றால் அது என் வீட்டுக்கு ஐந்து நிமிடத்தில் நடந்தது.

சுபாங் ஜெயாவின் சீபில்ட் மகா மாரியம்மன் கோயில். தோட்டக் காலத்தில் கட்டியது, நூறு வருடத்துக்கு மேல் ஆனது. நிலம் கைமாறி, இடமாற்றம் பற்றி வருடக்கணக்கில் வழக்கு. நவம்பர் 26 விடியற்காலை ஒரு கும்பல் கோயிலுக்குள் நுழைந்தது. கலவரம், காடிகள் எரிந்தன. அன்று ராத்திரியும் கூட்டம், அங்கே தீயணைக்க வந்த வீரர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-இல் இறந்துபோனார்.

எனக்கு நினைவில் நிற்பது தீ அல்ல, கைப்பேசி. ராத்திரி இரண்டரை மணியிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்துகொண்டே இருந்தது, இவர்கள் வருகிறார்கள், அவர்கள் வருகிறார்கள், வெளியே போகாதே என்று. எல்லாவற்றையும் இனக் கலவரமாக்கும் குரல்கள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் அதேபோல் எதிர்ப்பக்கத்துப் பதிவுகள் வந்திருக்கின்றன, காலையில் வேலி ஓரமாக நின்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். இரண்டும் ஒரே மாதிரி பொய். ஆனால் அந்த மூன்று நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கை வரவில்லை என்பதும் உண்மை. டிசம்பர் 8-இல் ஐசெர்ட் (இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா ஒப்பந்தம்) எதிர்ப்புப் பேரணி வந்தபோதும், அரசாங்கம் கையெழுத்திடப் போவதில்லை என்று முன்பே அறிவித்திருந்தும், அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

கிள்ளான்_கடைக்காரன்:

அண்ணே, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் பல்கலைக்கழக மேடையில் இது வேண்டாமே. பையன் பத்து நிமிடம் பேசிவிட்டு வரட்டும், எதற்கு வம்பு?

யூஎஸ்ஜே_வாசி:

எனக்கு ஒப்பவில்லை. மே மாதம் நான்கு இந்திய வம்சாவளி அமைச்சர்கள் வரப்போகிறார்கள், கோபிந்த் சிங், குலசேகரன், சேவியர் ஜெயகுமார், வேதமூர்த்தி என்று பட்டாசு வெடித்தவர்களும் நாம்தான், நவம்பரில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தவர்களும் நாம்தான். மேயை மட்டும் சொன்னால் பாதி வருடம்.

தாமான்_வக்கீல்:

சின்னத் திருத்தம். அமைச்சர்கள் மேயில் சிலர், ஜூலையில் மீதிப் பேர். மற்றபடி யூஎஸ்ஜே அண்ணனோடுதான் நான். தேதியையும் நடந்ததையும் மட்டும் சொல், யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுதாதே. ஆளைக் காயப்படுத்துவது தேதி அல்ல, அடைமொழி.

ஈப்போ_பொடியன்:

எல்லோருக்கும் நன்றி, ஒரு மாதத்துக்கான தீனி கொடுத்துவிட்டீர்கள். கோயில் விஷயத்தைச் சொல்லப் போகிறேன், வேலி ஓரத்தில் நின்று கைப்பேசி காட்டிக்கொண்டதையும் சேர்த்து, யூஎஸ்ஜே அண்ணன் அனுமதித்தால். முதலில் எதைச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அப்பாவிடம் மேசையைத் தட்டியது பற்றிக் கேட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறார். அம்மா சமையலறையிலிருந்தே சிரிக்கிறார்.

அக்கா, மை வைத்த விரலின் படம் இருந்தால் திரையில் போட அனுப்ப முடியுமா?

யூஎஸ்ஜே_வாசி:

தாராளமாகச் சொல் தம்பி. வீட்டு எண் மட்டும் வேண்டாம்.

சிகாமட்_அக்கா:

அனுப்புகிறேன். திரும்பிப் போகும்போது பேருந்தில் எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கும். பின்னால் தூங்குவது என் அறைத்தோழி, அவள் முகத்தை வெட்டிவிட்டுப் போடு.