ஐஓ ஏபிக்குக்கு மாறினதும் நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் வரல, ஐஆர்க்யூ நம்பர் எங்கேர்ந்து எடுக்கணும்?

கேள்வி:
வணக்கம், சொந்தமா ஒரு சின்ன கர்னல் எழுதிட்டிருக்கேன். பழைய 8259 பிக்ல (ஹார்டுவேர் சிபியுவ கூப்பிடற சிக்னலான இன்டரப்ட கொண்டு சேர்க்கிற சிப்) ஓட்டினப்போ டைமர், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. இப்ப அதோட புது வாரிசு ஐஓ ஏபிக்குக்கு மாத்தினேன், கீபோர்டு வருது, ஆனா நெட்வொர்க் கார்டு மூச்சே விடல. பிசிஐ கான்ஃபிக்ல (கார்டோட அமைப்பு ரெஜிஸ்டர்கள்) இன்டரப்ட் லைன் ரெஜிஸ்டர படிச்சா 11னு காட்டுது, கீபோர்டுக்கு போட்ட என்ட்ரியவே காப்பி பண்ணி 11வது பின்னுக்கும் போட்டு திறந்து வச்சேன், ஹேண்ட்லர் ஒரு தடவ கூட கூப்பிடப்படல. மூணு ராத்திரி போச்சு.

பதில் 1:
அந்த 11 பிக்குக்கான நம்பர்ங்க. அந்த ரெஜிஸ்டர ஹார்டுவேர் கண்டுக்கவே கண்டுக்காது, பயாஸ் "இத இங்க இணைச்சிருக்கேன்"னு எழுதி வைக்கிற குறிப்பு, அவ்ளோதான். ஐஓ ஏபிக்ல வயரிங் வேற, பிசிஐ லைன்லாம் பெரும்பாலும் 16லேர்ந்து மேல தான் இருக்கும். எந்த ஸ்லாட் எந்த பின்னுக்குப் போகுதுங்கறத ஏசிபிஐயோட (ஃபர்ம்வேர் ஓஎஸ்சுக்கு ஹார்டுவேர் விவரம் குடுக்கிற ஏற்பாடு) பிஆர்டி டேபிள்ல (பிசிஐ இன்டரப்ட் ரூட்டிங் டேபிள்) தான் பாக்கணும், அதுக்கு முன்னாடி ஏசிபிஐயோட _PIC மெத்தடுக்கு 1 (ஏபிக் மோடுன்னு அர்த்தம்) குடுத்து கூப்பிட்டுருங்க, இல்லேன்னா பழைய கணக்கையே திருப்பிக் குடுக்கும். ஏசிபிஐ கோட் இருக்கிற ஏஎம்எல் மொழிக்கு இன்டர்ப்ரிட்டர நீங்களே எழுத உக்காராதீங்க, ஏசிபிஐசிஏங்கற ரெடிமேட் லைப்ரரிய எடுத்துக்கோங்க.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா கீபோர்டு என்ட்ரிய காப்பி பண்ணேன்னு சொல்றீங்களே, அங்க இன்னொரு பள்ளம் இருக்கு. கீபோர்டு எட்ஜ் (சிக்னல் மாறற நொடி தான் கணக்கு), ஆக்டிவ் ஹை. பிசிஐ லெவல் (சிக்னல் நிக்கிற வரைக்கும் கணக்கு), ஆக்டிவ் லோ (லைன் கீழ இருந்தா தான் சிக்னல்). இத மாத்தாம பின் நம்பர மட்டும் திருத்தினா அப்பவும் வராது, இல்ல தாறுமாறா வரும். அப்புறம் ஒரே லைன ரெண்டு மூணு கார்டு பகிர்ந்துக்கும், அதனால ஹேண்ட்லர் முதல்ல தன் கார்டோட ஸ்டேட்டஸ படிச்சு "என்னோடதா"ன்னு பாக்கணும், ஆமான்னா கார்ட அமைதியாக்கிட்டு தான் இஓஐ (முடிஞ்சதுன்னு ஏபிக்குக்குச் சொல்றது). மாத்திச் செஞ்சா லைன் அப்படியே ஆக்டிவா நின்னு திரும்பத் திரும்ப அடிக்கும். லினக்ஸ்ல இதுக்குன்னே கணக்கு வச்சிருக்காங்க, ஒரு லட்சம் இன்டரப்ட்ல 99,900க்கு மேல யாரும் ஏத்துக்கலேன்னா அந்த லைனையே மூடிடுவாங்க.

கேள்வி கேட்டவர்:
ஐயோ போலாரிட்டிய நான் யோசிக்கவே இல்ல, ரொம்ப நன்றி. ஆனா ஒரு கார்டுக்காக ஏசிபிஐ முழுசும் இழுத்துட்டு வரணுமா?

பதில் 3:
கார்டோட கேப்பபிலிட்டி லிஸ்ட்ல ஐடி 5 இருக்கான்னு பாருங்க, இருந்தா எம்எஸ்ஐ (மெசேஜ் வழியா வர்ற இன்டரப்ட்) பண்ணலாம். பின்னே கிடையாது, கார்டு நேரா ஒரு மெமரி அட்ரஸ்ல எழுதும், அது லோக்கல் ஏபிக்குக்கு (சிபியுக்குள்ள இருக்கிற ஏபிக்) போயிரும். டேட்டால வெக்டர் நம்பர (எந்த ஹேண்ட்லர்னு சிபியு பாக்கிற எண்) போடுங்க, 0லேர்ந்து 31 வரைக்கும் எக்ஸெப்ஷனுக்கு ஒதுக்கினது, அதுக்கு மேல எடுங்க. பகிர்தல் தொல்லையும் இல்ல. பஸ் மாஸ்டர் பிட் (கார்டு தானே மெமரில எழுத அனுமதி) ஆன்ல இருக்கணும், இல்லேன்னா அந்த ரைட்டே வெளிய போகாது, நான் அதுல ஒரு வாரம் மாட்டினேன்.

கேள்வி கேட்டவர்:
ஐடி 5 இருந்துச்சு! வெக்டர் 64 குடுத்தேன், முதல் பாக்கெட்டுக்கே ஹேண்ட்லர் ஓடுச்சு. சவுண்ட் கார்டுல எம்எஸ்ஐ காணோம், அதுக்கு பிஆர்டி வழியா தான் போகணும், நாளைக்கு ஏசிபிஐசிஏவ ஆரம்பிக்கறேன்.