டெஸ்டுக்கு ஒருவர், இருபது ஓவருக்கு ஒருவர் என்று பேட்ஸ்மேன்களைப் பிரிப்பது சரியா?

நடுவரிசை (கேள்வி)

சர்வதேசத் தொடர்களுக்கு அணிகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் எனக்கு ஒரே ஐயம் திரும்பத் திரும்ப எழுகிறது. இருபது ஓவர் லீக்கில் ஒரு பருவம் அதிரடியாக ஆடியவரை டெஸ்ட் அணியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு குரல் எழும்புகிறது. பல நாள் நடக்கும் முதல்தரப் போட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ரன் குவித்தவரை ஒருநாள் அணிக்குப் பரிசீலிக்கக்கூட இல்லையே என்று இன்னொரு குரல் வருந்துகிறது. இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமான சராசரியையும் ஸ்டிரைக் ரேட்டையும் (நூறு பந்துக்கு எடுக்கும் ரன்) எடுத்துக்காட்டுகின்றன. ஆனால் அந்த எண்கள் வேறு வடிவத்தில், வேறு பந்தில், வேறு களத்தடுப்புக்கு எதிராக எடுக்கப்பட்டவை என்பதை யாரும் கணக்கில் கொள்வதாகத் தெரியவில்லை.

எனவே இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்கிறேன். டெஸ்ட், ஒருநாள், இருபது ஓவர் ஆகிய மூன்று வடிவங்களிலும் பேட்டிங் என்பது ஒரே கலைதானா, அல்லது பெயரில் மட்டும் ஒன்றாக இருக்கும் மூன்று வேலைகளா? நீங்கள் தேர்வுக்குழுவில் அமர்ந்திருந்தால், ஒரு வடிவத்தில் எடுத்த ரன்களை இன்னொரு வடிவத்துக்கான தகுதியாக எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வீர்கள்?

புதுப்பந்து

விக்கெட்டின் விலையிலிருந்து தொடங்கினால் இந்தக் கேள்வி பெருமளவு தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன். ஓர் அணியிடம் எந்த வடிவத்திலும் பத்து விக்கெட்டுகளே இருக்கின்றன. இருபது ஓவர் ஆட்டத்தில் அவற்றைக் கொண்டு ஆட வேண்டியது 120 பந்துகள்; அதாவது ஒரு விக்கெட்டுக்குப் பன்னிரண்டு பந்துகள். ஒருநாள் போட்டியில் அது முப்பது பந்துகளாகிறது. டெஸ்டில் பந்துகளுக்கு வரம்பே இல்லை. ஐந்து நாள் என்ற கால வரம்பு மட்டுமே உண்டு. ஆகவே இருபது ஓவரில் வீணாகும் பந்து பெரிய இழப்பு, டெஸ்டில் வீணாகும் விக்கெட் பெரிய இழப்பு. எதை இழக்கத் துணிகிறார், எதைக் காக்கிறார் என்பதுதான் பேட்ஸ்மேனின் இயல்பு. அந்த இயல்பு ஒரு வடிவத்துக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

1975 உலகக்கோப்பையின் முதல் நாளில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அன்று ஆட்டம் அறுபது ஓவர்கள். இங்கிலாந்து 334 ரன் எடுத்திருந்தது. சுனில் கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து 36 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார்; இந்தியா 3 விக்கெட் இழப்புக்கு 132 ரன் மட்டுமே எடுத்து 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. உலகின் மிகச்சிறந்த தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர்; அவருடைய திறமையில் குறை காண யாராலும் முடியாது. எனினும் செலவழித்திருக்க வேண்டிய ஏழு விக்கெட்டுகள் அணியின் கையில் பயனின்றி மிஞ்சின.

அடுத்தது களத்தடுப்பு. இருபது ஓவரில் முதல் ஆறு ஓவர்களிலும், ஒருநாள் போட்டியில் முதல் பத்து ஓவர்களிலும் களத்தின் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர் மட்டுமே நிற்க முடியும். அந்த நேரத்தில் தலைக்கு மேலே தூக்கி அடிக்கத் தெரிந்தவருக்கு விதியே துணைநிற்கிறது. டெஸ்டில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. அணித் தலைவர் விரும்பினால் ஒன்பது பேரையும் எல்லைக்கோட்டுக்கு அனுப்பலாம், அல்லது விக்கெட் கீப்பருக்கு அருகே நான்கு ஸ்லிப்புகளை வரிசையாக நிறுத்தலாம். ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களின் வெள்ளைப் பந்து சில ஓவர்களிலேயே அசைவை இழந்துவிடும் நிலையில், டெஸ்டின் சிவப்புப் பந்து நெடுநேரம் அசைந்துகொண்டே இருக்கும். அது பழசானாலும் எண்பது ஓவர் கழித்து இன்னொரு புதுப்பந்து வரும்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன் 232 ஒருநாள் போட்டிகளில் 53.58 சராசரி வைத்திருந்தார். அவருடைய டெஸ்ட் சராசரி, 18 போட்டிகளில், 29.07. ஒருநாள் போட்டியில் இடைவெளி பார்த்துத் தட்டி ஓடி, எத்தனை ரன் தேவை என்பதைக் கணக்கிட்டு இலக்கைத் துரத்துவதில் அவருக்கு இணை இல்லை. டெஸ்டிலோ மார்பை நோக்கி எழும்பும் பந்துகளைத் தொடர்ந்து வீசி எதிரணிகள் அவரைச் சோதித்தன. ஒருநாள் வரலாற்றின் தலைசிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவருக்கே அந்த ரன்கள் டெஸ்டுக்கான உத்தரவாதமாக அமையவில்லை.

ஆகையால் என் விடை, இவை மூன்றும் தனித்தனி வேலைகள் என்பதே. தேர்வும் தனித்தனியாகத்தான் நடக்க வேண்டும்.

மட்டைக்காரன்

புதுப்பந்து நண்பர் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை மறுக்கிறேன். வேலைகள் வேறு என்பதால் ஆட்களும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தென்னாப்பிரிக்காவின் ஏ.பி. டி வில்லியர்ஸ் 2015 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் 31 பந்துகளில் சதம் அடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில், டெஸ்ட் போட்டியைத் தோல்வியிலிருந்து காப்பாற்றும் முயற்சியில், 297 பந்துகளைச் சந்தித்து 43 ரன் எடுத்தார். அந்தப் போட்டியைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே ஆண்டில் ஒரே மனிதர் இரண்டையும் செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. மகேல ஜயவர்தன டெஸ்டில் 374 ரன் எடுத்தவர். 2010 இருபது ஓவர் உலகக்கோப்பையில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிச் சதமும் அடித்தார். அவர் மட்டையைச் சுழற்றி அடித்தவர் அல்லர். பந்து மட்டைக்கு வரும் நேரத்தைத் துல்லியமாக அறிந்தவர். அந்த அறிவு எந்த வடிவத்திலும் செல்லுபடியாகும்.

எதிர்த் திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. டேவிட் வார்னர் 2009 ஜனவரியில் மெல்போர்னில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 43 பந்துகளில் 89 ரன் எடுத்தபோது, அதுவரை ஒரு முதல்தரப் போட்டிகூட ஆடியிருக்கவில்லை. அன்று அவருக்கு ‘இருபது ஓவர் ஆட்டக்காரர்’ என்று எழுதி ஒட்டிவிட்டிருந்தால், 2019இல் அடிலெய்டில் அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 335 ரன்னை டெஸ்ட் கிரிக்கெட் கண்டிருக்காது.

விரேந்தர் சேவாக்கின் எண்களைப் பாருங்கள். மூன்று வடிவங்களிலும் ஒரே மாதிரி அடித்து ஆடியவர் என்று எல்லோரும் நினைவுகூரும் அவருடைய டெஸ்ட் சராசரி 49.34; ஒருநாள் சராசரியோ 35.05. ஸ்லிப்பிலும் கல்லியிலும் ஆட்களைக் குவித்து எதிரணி தாக்கும்போது கவர் பகுதியும் பாயிண்டும் காலியாகிவிடும். அங்கேதான் அவர் ரன்களை அள்ளினார். அடித்து ஆடுபவருக்கு டெஸ்ட் களத்தடுப்பு இடையூறு என்ற பொதுக்கருத்தை இது நேர் எதிராகத் திருப்பிவிடுகிறது.

எனக்கு உண்மையில் மனவருத்தம் தருவது முத்திரைதான். இருபத்தோரு வயதில் ஒருவரைப் பொறுமைசாலி என்று பிரித்து வைத்துவிட்டால், அவருக்குத் தூக்கி அடிக்கப் பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ராகுல் திராவிட் 2011இல் மான்செஸ்டரில் தம்முடைய ஒரே சர்வதேச இருபது ஓவர் போட்டியை ஆடினார். 21 பந்துகளில் 31 ரன், அதில் தொடர்ச்சியாக மூன்று சிக்ஸர்கள். அந்தத் திறமை அவரிடம் அன்று திடீரென்று முளைத்திருக்க முடியாது.

நடுவரிசை

இரண்டு பதில்களுக்கும் நன்றி. மட்டைக்காரன் அவர்களே, வார்னரின் எடுத்துக்காட்டு வலிமையானது. ஆனால் அதே நம்பிக்கையில் எடுக்கப்பட்ட முடிவுகள் தோற்றும் இருக்கின்றன. ஜேசன் ராய் 2019 உலகக்கோப்பையை இங்கிலாந்து வெல்லப் பெரும் காரணமாக இருந்தார். அதே கோடையில் அவரை டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார்கள். ஐந்து டெஸ்டுகளில் 187 ரன்களோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துபோனது. வார்னருக்குப் பலித்தது ராய்க்கு ஏன் பலிக்கவில்லை?

எட்டாம் இலக்கம்

ராய் விஷயத்தில் வடிவத்தை மாற்றியதைவிட, இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் மாற்றியதுதான் பிழை என்று கருதுகிறேன். முதல்தரப் போட்டிகளில் அவர் பெரும்பாலும் நடுவரிசையில் ஆடியவர். வெள்ளைப் பந்தில் தொடக்க ஆட்டக்காரர் என்பதற்காகச் சிவப்புப் பந்திலும் அவரைத் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் புத்தம்புது டியூக்ஸ் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து வளையும்போது, கையை உடம்பிலிருந்து நீட்டி ஓட்டி அடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தொடரிலேயே பின்னர் அவரை நான்காம் இடத்துக்கு மாற்றினார்கள்; அதற்குள் அவருடைய நம்பிக்கை தளர்ந்துவிட்டிருந்தது.

வார்னருக்கோ அந்த 89 ரன்னுக்கும் முதல் டெஸ்டுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தன. 2011 டிசம்பரில்தான் டெஸ்டுக்கு வந்தார். இடையில் முதல்தரப் போட்டிகளில் ஆடினார். தம்முடைய இரண்டாவது டெஸ்டில், ஹோபார்ட்டில், மறுமுனையில் எல்லோரும் வீழ்ந்த பின்னும் 123 ரன்களோடு கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார். ஆஸ்திரேலியா ஏழு ரன் வித்தியாசத்தில் தோற்றது. தேர்வாளர்கள் பார்க்க வேண்டியது இத்தகைய ஆட்டத்தைத்தான். அடிக்கத் தெரியும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அடிக்காமல் இருக்கத் தெரியுமா என்பதுதான் தெரியாத செய்தி.

எனவே ‘இவர் எந்த வடிவத்துக்கு உரியவர்’ என்று கேட்பதைவிட, ‘இந்த அணியில் இந்த இடத்தில் இறங்குபவர் எந்தப் பந்தை, எந்த நேரத்தில், யாரிடமிருந்து சந்திக்கப்போகிறார்’ என்று கேட்பதே பயன் தரும். இருபது ஓவரில் ஐந்தாம் இடத்தில் வருபவருக்கு முதல் பத்து பந்துகளில் அவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது முக்கியம். அவருடைய சராசரி ஏறக்குறையப் பொருளற்றது. ஒருநாள் போட்டியில் நான்காம் இடத்தில் வருபவர் சுழற்பந்துக்கு எதிராக எத்தனை பந்துகளை ரன் இல்லாமல் விடுகிறார் என்று பார்க்க வேண்டும். டெஸ்ட் தொடக்க ஆட்டக்காரரிடம் முதல் இருபது ஓவர்களில் எத்தனை பந்துகளைத் தொடாமல் விட்டார் என்று பார்ப்பேன். ஐந்தாம் இடத்தில் வருபவரிடம் நான்காம் நாள் தேய்ந்த ஆடுகளத்தில் எப்படி ஆடினார் என்று பார்ப்பேன்.

சூரியகுமார் யாதவின் நிலையை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. இருபது ஓவரில் அவர் அடிக்காத திசை இல்லை. ஒருநாள் போட்டிகளிலோ 37 ஆட்டங்களுக்குப் பிறகும் அவருடைய சராசரி 26க்குக் கீழே இருக்கிறது. 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்று ஆட்டங்களிலும் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். அவர் முதல்தரப் போட்டிகளில் நிறைய ஆடியவர். பொறுமை அறியாதவர் அல்லர். ஆனால் ஒருநாள் போட்டியின் நடு ஓவர்கள் முழு அவசரமும் இல்லாத, முழு ஓய்வும் இல்லாத ஒரு நேரம். அங்கே ஓவருக்கு ஐந்து, ஆறு ரன் எடுத்துக்கொண்டே இருபது ஓவர் நிற்பது தனிக்கலை. விதியும் மாறிக்கொண்டிருக்கிறது. 2011 முதல் இரு முனைகளிலும் தனித்தனிப் புதுப்பந்துகள் பயன்பட்டு வந்தன. 2025 முதல் 34 ஓவர்களுக்குப் பின் ஒரே பந்துதான். இனிமேல் ஒருநாள் போட்டியின் இறுதியில் இறங்குபவர் பழைய, மென்மையான, ஒருவேளை ரிவர்ஸ் ஸ்விங் ஆகக்கூடிய (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளையக்கூடிய) பந்தைச் சந்திப்பார். நேற்றுவரை அந்த வேலையைச் சிறப்பாகச் செய்தவர் நாளையும் செய்வார் என்று தேர்வாளர்கள் எண்ணிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மட்டையை வைத்து மட்டும் இடம் முடிவாவதில்லை. 2003 உலகக்கோப்பையில் திராவிட் விக்கெட் கீப்பராக நின்றதால் இந்திய அணியில் ஒரு கூடுதல் பேட்ஸ்மேனுக்கு இடம் கிடைத்தது. அதே உலகக்கோப்பை அணியில் வி.வி.எஸ். லட்சுமண் இடம்பெறவில்லை, 134 டெஸ்டுகள் ஆடிய அவர் ஒரு உலகக்கோப்பைப் போட்டியில்கூட ஆடாமலேயே ஓய்வு பெற்றார். விக்கெட்டுகளுக்கிடையே ஓடும் வேகமும் களத்தடுப்பும் ஒருநாள் போட்டியில் எவ்வளவு எடை பெறுகின்றன என்பதை அவருடைய ரசிகனாகிய நான் வலியோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

மட்டைக்காரன்

எட்டாம் இலக்கம் அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் புதுப்பந்து நண்பரின் பன்னிரண்டு பந்துக் கணக்குக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 2024 இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா ஐந்து ஓவர் முடிவதற்குள் 34 ரன்னுக்கு 3 விக்கெட்டுகளை இழந்திருந்தது. விராட் கோலி 59 பந்துகளில் 76 ரன் எடுத்தார். ஆட்டம் முடியும்வரை அந்த வேகம் போதாது என்றே பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தியா ஏழு ரன் வித்தியாசத்தில் வென்றது. மூன்று விக்கெட் விழுந்த அந்தக் கணத்தில் விக்கெட்டின் விலை ஒருநாள் போட்டியின் விலைக்கு உயர்ந்துவிட்டது. அப்போது அதைக் காக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

புதுப்பந்து

அந்தத் திருத்தத்தை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். விலை ஆட்டத்துக்குள்ளேயே மாறும் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று கோலிக்கு மறுமுனையில் அக்சர் படேல் 31 பந்துகளில் 47 ரன் எடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் நிற்க முடிந்தது, இன்னொருவர் அடித்ததால்தான். எனவே இருபது ஓவர் அணியில் நின்று ஆடத் தெரிந்த ஒருவரை நானும் சேர்ப்பேன். முதல் ஐந்து இடங்களில் அப்படி இருவர் இருந்தால், அவர்களில் ஒருவரை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வெளியே அமர்த்துவேன்.