பேனை இன்சுலின்: வன்னியில் 30 பாகை எங்கே இருக்கிறது?

முள்ளியவளை மகள்:
“நீரிழிவுக்காரர் தாமே போட்டுக்கொள்ளும் பேனை வடிவ ஊசியான இன்சுலின் பேனையின் சந்தை உலகெங்கும் வளர்கிறது, இனி வன்னியிலும் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் வேலையில்லை, பேனைக்குப் பிரிட்ஜும் வேண்டாம்” என்று வவுனியா வாசி நேற்று எழுதியிருக்கிறார். எந்தத் துணிவில் எழுதினீர்கள், தம்பி? பாவனையில் உள்ள பேனையை 30 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் வைக்கும்படி அதனுடன் வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் 30 பாகையை எங்கே தேடுவது?

வவுனியா வாசி:
அக்கா, பிரிட்ஜின் 2 முதல் 8 பாகை வேண்டியது திறக்காத பேனைக்குத்தான். பாவிக்கத் தொடங்கியதைப் பெரும்பாலும் 4 வாரம் வெளியே வைக்கலாம். 1985 இல் முதல் பேனை சந்தைக்கு வந்தது. இன்னும் நாம் குப்பியையே கட்டிப்பிடித்திருக்க வேண்டுமா? என் தந்தைக்குச் சிரிஞ்சின் கோடுகள் தெரிவதில்லை. பேனையில் இலக்கத்தைத் திருகி வைத்துத் தானே போட்டுக்கொள்கிறார்.

முள்ளியவளை மகள்:
4 வாரத்தைப் படித்த கண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் 30 பாகை தெரியவில்லையா?

மாங்குளத்தான்:
குப்பிக்கும் வெப்பக் கட்டுப்பாடு உண்டு. வெயில் பேனையை மட்டுமா சுடும்? 2021 இல் வெளிவந்த ஆய்வைப் படியுங்கள். கென்யாவின் அகதி முகாமொன்றில் இருப்பதைப் போல 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் 4 வாரம் வைத்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை.

முள்ளியவளை மகள்:
கென்யாவை விடுங்கள். தாளில் 30 என்றுதான் இருக்கிறது. சந்தை வளர்கிறதாம்! பேனையில் விற்பது இன்சுலின் மட்டுமல்ல, உடல் எடை குறைக்கப் பணக்கார நாடுகள் வாங்கும் செமாகுளூட்டைடு என்ற மருந்தும்தான். 2024 இல் தென்னாப்பிரிக்காவின் அரச மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் என்ற வகையின் பேனை வருவது நின்று, நோயாளிகள் குப்பிக்கே திரும்பினார்கள். அதுவும் சந்தைதான். எங்கள் அம்மாவுக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது குப்பி. பேனைக்குரிய மருந்தும் ஊசி முனையும் கடையில் தீர்ந்துபோனால் நீங்கள் வாங்கித் தருவீர்களா?

டொராண்டோ தம்பி:
நான் ஒவ்வொரு முறையும் பயணப்பெட்டியில் பேனைகள் கொண்டுவந்து கொடுக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

முள்ளியவளை மகள்:
விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியிலா? இன்சுலின் உறைந்தால் அதை எறியத்தான் வேண்டும். கொடுத்த பெருமையை மட்டும் எழுதுகிறீர்கள்.

நெடுங்கேணி மருமகள்:
பாவித்த ஊசி முனைகளை எங்கே போடுகிறீர்கள் என்று ஒருவரும் பேசவில்லையே. எங்கள் வேலியோரத்தில் பிள்ளைகள் மிதிக்கிறார்கள்.

மாங்குளத்தான்:
அது வேறு கதை. குப்பியையும் வெயில் சுடாதா என்ற என் கேள்விக்கு அக்கா முதலில் பதில் சொல்லட்டும்.

முள்ளியவளை மகள்:
குப்பியை ஈரமணல் பானைக்குள் வைத்துப் பழகியவர்கள் நாங்கள். பேனையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகச் சொல்வது நீங்கள். 30 பாகை, தம்பி. 30.

வவுனியா வாசி:
பேனையைப் பானைக்குள் வைக்கக் கூடாதென்று யார் சொன்னார்கள்?

முள்ளியவளை மகள்:
நகரத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு வன்னியைப் பற்றி எழுத வேண்டாம்.

வவுனியா வாசி:
வவுனியா எப்போதிலிருந்து வன்னிக்கு வெளியே போனது? தேர்தல் மாவட்டத்தின் பெயரே வன்னிதான். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.