எப்பே பிளேடு நாலு மாசத்தில் ஒடிஞ்சிடுச்சு, அடுத்து எதை வாங்கலாம்?

புக்கிட் பாத்தோக் அம்மா:

வணக்கம். என் மகன் உயர்நிலை 2 படிக்கிறான். இங்க சிங்கப்பூர்ல பள்ளியில் அவனுக்கு சிசிஏ, அதாவது பாடத்துக்கு வெளிய எடுக்கிற செயல்பாடு, வாள்வீச்சு. அதில் எப்பே பிரிவு, முனையால குத்துற வாள் வகை. போன புதன்கிழமை பயிற்சியில் பிளேடு ஒடிஞ்சிடுச்சு. யாருக்கும் அடிபடலை, அந்த மட்டும் சந்தோஷம். ஆனா வாங்கி நாலு மாசம்தான் ஆகுது.

ஒடிஞ்ச துண்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்ச வாயை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு ஓரம் மட்டும் பழுப்பா இருக்கு, மத்த இடமெல்லாம் புது எஃகு மாதிரி பளபளன்னு சாம்பல் நிறம்.

ஜூன் லீவுல போட்டி வருது. மராஜிங்னு ஒரு தனி வகை எஃகில் செஞ்ச பிளேடு எடுங்கன்னு சொல்றாங்க, ஆனா சாதா பிளேடைவிட ரெண்டு மடங்குக்கு மேல விலை. அந்தக் காசுக்கு உழைக்குமா? எந்த கம்பெனி நல்லது?

தெம்பனிஸ் தம்பி:

அக்கா, யோசிக்காம மராஜிங் எடுங்க. பிரான்ஸ்ல செய்ற பிளேஸ் ஃப்ரேர் பிளேடுதான் நான் வச்சிருக்கேன், கையில் ரொம்ப நல்லா நிக்கும். லண்டன் லியோன் பால், ஜெர்மனி ஆல்ஸ்டார் எல்லாமும் நல்ல பேர்தான். மராஜிங்னா துருவும் பிடிக்காது.

பட்டறை அப்பா:

தங்கச்சி, அந்தப் பழுப்பு ஓரத்தைக் கவனிச்சு எழுதினீங்களே, உங்க கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்கு. ஏழு வருஷமா மக வாள்களையும் அவ கிளப் பிள்ளைங்க வாள்களையும் நான்தான் பழுதுபார்க்கிறேன். இந்தப் பழுப்பை நிறையத் தடவை பார்த்திருக்கேன். ஒரே அடியில் ஒடிஞ்ச எஃகுன்னா வாய் முழுக்க ஒரே நிறமா இருக்கும். ஓரம் மட்டும் பழுத்திருந்தா, அங்க விரிசல் பல நாளா இருந்து ஈரம் உள்ள இறங்கியிருக்குன்னு அர்த்தம். புதன்கிழமை மிச்சம் இருந்ததுதான் அறுந்திருக்கு.

பிளேடும் பிளேடும் மோதும்போது ஓரத்தில் சின்னச் சின்ன வடு விழும். அப்புறம் குத்து பட்டு பிளேடு வளையுற ஒவ்வொரு தடவையும் இழுப்பு முழுக்க அந்த வடுவில்தான் சேரும். விரிசல் பிறக்கிற இடம் அது. கண்ணுக்குத் தெரியாது, பஞ்சுக்குத் தெரியும். கொஞ்சம் பஞ்சை விரல்ல பிடிச்சு மூணு ஓரத்திலும் மெதுவா இழுத்துட்டுப் போங்க. நூல் மாட்டுற இடத்தில் பிசிறு இருக்கு. நைஸ் அரத்தாலயோ உப்புத்தாளாலயோ பிளேடோட நீளவாக்கில் தேய்ச்சு வழவழப்பாக்குங்க. குறுக்கே தேய்க்கவே கூடாது, அந்தக் கோடே புது வடு ஆயிடும். வாரம் ஒரு தடவை, பத்து நிமிஷ வேலை.

மராஜிங் எஃகில் கார்பன் ரொம்பக் குறைவு, நிக்கல் 18 சதவீத அளவுக்கு இருக்கும், கூடவே கோபால்ட், மாலிப்டினம். அதில் விரிசல் மெதுவாத்தான் பரவும். நீங்க கொடுக்கிற கூடுதல் காசு அதுக்குத்தான். ஒடியவே ஒடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1982ல ரோம் உலகப் போட்டியில் எதிராளியோட ஃபாயில் (இன்னொரு வாள் வகை) பிளேடு ஒடிஞ்சு முகக்கவசத்தைத் துளைச்சதில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதுக்கப்புறம்தான் கவசம், உடுப்பு, பிளேடு விதியெல்லாம் இறுகுச்சு. அதனால சந்தேகமான பிளேடை "இன்னும் ஒரு வாரம்"னு ஓட்டாதீங்க. எதிர்ல நிக்கிறதும் ஒரு பிள்ளை.

தம்பி, ஒண்ணு திருத்திக்கோங்க. மராஜிங்கும் துருப்பிடிக்கும், அது ஸ்டெயின்லெஸ் இல்லை. நம்ம ஊர் ஈரத்துக்கு எந்த பிளேடும் தப்பாது. பயிற்சி முடிஞ்சு நனைஞ்ச ஜாக்கெட்டும் கையுறையும் வாளும் ஒரே பையில், பை வீட்டு பாம் ஷெல்ட்டர்ல (ஜன்னல் இல்லாத பாதுகாப்பு அறை), கதவும் மூடி. மக முதல் பிளேடு அப்படித்தான் போச்சு. குத்து பட்டதைக் காட்டுற மின் வயர் பிளேடு பள்ளத்தில் ஓடும், அதை ஒட்டின பசை ஓரிடத்தில் எழும்பியிருந்தது, நகத்தை விட்டு நெம்பினேன், காப்பித்தூள் மாதிரி துரு கொட்டுச்சு. இப்ப வீட்டுக்கு வந்ததும் வாளை வெளிய எடுத்துத் துடைச்சு, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில் தொட்டுப் பூசிடுவோம். முனையில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, அங்க குத்து பட்டா அமுங்குற மின் பொத்தான் இருக்கு.

எந்த கம்பெனின்னு கேட்டீங்க. தம்பி சொன்னது எல்லாம் நல்ல பேர்தான், ஆனா ஒரே கம்பெனியிலயும் பிளேடுக்கு பிளேடு வித்தியாசம் இருக்கும். கையில் எடுத்துப் பாருங்க. ஒரு கண்ணை மூடி, பிடிப் பக்கத்திலிருந்து முனை வரைக்கும் நோக்குங்க. வளைவு ஒரே சீரா போகணும், ஓரிடத்தில் மடிஞ்ச மாதிரி தெரிஞ்சா வேண்டாம். வளையும் தன்மைக்கு விதியே இருக்கு. முனையிலிருந்து 70 செ.மீ.யில் பிளேடை இறுக்கி, முனைக்கு 3 செ.மீ. உள்ள 200 கிராம் எடை தொங்கவிட்டா 4.5லிருந்து 7 செ.மீ.க்குள்ள தாழணும். நான் மேசையில் கிளாம்ப் போட்டு அளப்பேன். 14 வயசுப் பையனுக்கு 6 செ.மீ. கிட்ட தாழுற பிளேடைத்தான் எடுப்பேன். ரொம்ப விறைப்பா இருந்தா குத்து மணிக்கட்டுக்கு ஏறும்.

இன்னொண்ணு, பயிற்சியாளர்கிட்ட கேளுங்க, பையன் எதிராளிக்கு ரொம்ப நெருங்கிப் போய்க் குத்துறானான்னு. தூரம் கம்மியானா பிளேடு வில்லுக்கு மேல வளையும். எந்த எஃகும் அதைப் பல நாள் தாங்காது.

புக்கிட் பாத்தோக் அம்மா:

அண்ணே, ரொம்ப நன்றி. மகனோட ரெண்டாவது வாளில் இப்பவே பஞ்சு பார்த்தோம். நடுவில் ரெண்டு இடத்தில் மாட்டுச்சு. ஒண்ணு தேய்ச்சதும் போயிடுச்சு. இன்னொண்ணு தேய்ச்ச பிறகும் நகத்துக்குத் தட்டுது. போட்டிக்கு ரெண்டு வாள் வேணும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டும் மராஜிங்தான் வாங்கணுமா?

பட்டறை அப்பா:

நகம் தட்டுதுன்னா வடு ஆழம். இன்னும் தேய்ச்சுப் பாருங்க, போகலைன்னா அந்த பிளேடை எடுத்துடுங்க, பயிற்சிக்கும் வேண்டாம்.

உலகக் கோப்பை மாதிரி எஃப்ஐஇ (உலக வாள்வீச்சுச் சம்மேளனம்) போட்டிக்கு மராஜிங் கட்டாயம். பள்ளிப் போட்டிக்கு அந்தப் போட்டி அறிவிப்பில் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கட்டாயமில்லாட்டியும், கையில் இருக்கிற காசுக்கு நான் மராஜிங் ஒண்ணு, நல்ல சாதா பிளேடு ஒண்ணு, ரெண்டும் ஒரே மாதிரி வளையுறதா பார்த்து எடுப்பேன். வெளிநாட்டில் ஆர்டர் பண்ணினா 9 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஒடிஞ்ச துண்டை அப்படியே குப்பைக் குழாய்ல போட்டுடாதீங்க. முனையைத் திருகிக் கழட்டி வையுங்க, பொத்தானோட ஸ்பிரிங் 750 கிராம் எடையைத் தூக்குதுன்னா அடுத்த பிளேடுக்கு ஆகும். கையைக் காக்கிற கிண்ணம், பிடி, நட்டு எல்லாம் பழசே போதும். மிச்ச எஃகை நாலு மடிப்பு செய்தித்தாளில் சுத்தி டேப் ஒட்டி, கீழ இருக்கிற பெரிய தொட்டியில் போடுங்க.